உன்னால முடியுதாம்மா?

தினமும் முருகன் முன்னால் கைகூப்புகிறவன்தான் நான். ஆனாலும் பக்கத்து வீட்டுக் கவிதாவின் பெயரைக் கேட்டாலே ஒரு வருஷமாக வயிறு எரிந்தது. சென்னையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, வேலை கொடுத்துக்கொண்டே டிகிரியும் படிக்க வைக்கிறது. என் மகனும் அவளும் சேர்ந்துதான் பரீட்சை எழுதினார்கள். அவள் தேறினாள். அவன் இங்கே அந்தமானில், ஜங்லிகாட்டில் இருக்கும் என் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறான்.

லீவுக்குக் கப்பலில் வந்தவள் ஒருநாள் கடைக்கு வந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன். ஏதாவது குறை கிடைக்காதா என்று, "அந்த வேலையெல்லாம் உன்னால முடியுதாம்மா?" என்று கேட்டேன்.

அவள் கண் கலங்கிவிட்டது.

"இல்ல மாமா. பகல்ல ஆபீஸ், சாயங்காலம் கிளாஸ். மீட்டிங்ல எல்லாரும் இங்கிலீஷ்ல பேசறாங்க. பயத்துல எனக்கு நம்ம ஊர் ஹிந்திதான் வருது. பாத்ரூம்ல போய் அழுவேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

அப்போது என் மனசு குளிர்ந்தது. முருகன் பார்த்திருப்பான், மறைத்து என்ன பயன்?

"என்கிட்ட ஏம்மா சொல்றே?"

"எல்லாரும் ஐடி கார்டைத்தான் காட்டச் சொல்றாங்க. முடியுதான்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான் மாமா."

அவள் கேட்ட சாமானை நானே பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

வீட்டில் மனைவி, "மகாராணி என்ன சொல்றா?" என்றாள்.

"கஷ்டப்பட்டுப் படிக்குது. நல்லா வரும்" என்றேன்.

பொறாமை இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் மகனுக்காக வேண்டும்போது அவள் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன். நாக்கு கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.