ஞானேஸ்வரிக்கு வேலை இல்லை

ஸ்கந்தபுரத்து ஞானேஸ்வரிக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறிக்கொண்டு வந்தது. ஒரு வாளி தண்ணீரோடு கிணற்றடியிலிருந்து அடுப்படிக் குசினிக்கு வருவதற்குள் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவாள்.

கிளினிக்கில் டொக்டர் நெஞ்சுப் படத்தைக் காட்டி, ஒளிக்காமல் சொன்னார்.

"இந்தத் தழும்பு மாறாது அம்மா. கூடுற வேகத்தைத்தான் குறைக்கலாம். ரெண்டு குளிசை இருக்கு. ஒண்டு போட்டா வெயில் படக்கூடாது, தோல் எரியும். மற்றதுக்கு வயித்தால போகும். நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள்?"

பக்கத்தில் இருந்த கணவர் அப்புத்துரை வழக்கம்போல முந்திக்கொண்டார்.

"அவாக்கு வேலை ஒண்டும் இல்லை டொக்டர். வீட்டிலதான் இருக்கிறா."

மனிதர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் படிவத்திலும் மனைவிக்கு அப்படித்தான் எழுதுவார்கள். கேட்டிருந்தால் ஞானேஸ்வரியும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

"அப்ப முதல் குளிசையே நல்லம். வெளியில போகாமல் இருந்தாச் சரி" என்று டொக்டர் பேனையை எடுத்தார்.

ஞானேஸ்வரி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புத்துரையும் பார்த்தார். வெயிலில் கறுத்து, கச்சான் கடலை பிடுங்கிக் காய்த்துப்போன கைகள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"டொக்டர், எழுதாதேங்கோ! நான் பிழையாச் சொல்லிப்போட்டன். கச்சான் பிடுங்கிறது இவா. உளுந்து காயப்போடுறது இவா. குரங்கு கலைக்கிறது, மாடு மாத்திக் கட்டுறது எல்லாம் இவாதான். பாக்கப்போனா வேலை இல்லாதது எனக்குத்தான்."

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. எது வேணும்?"

"வீட்டுக்குள்ள பூட்டி வச்சா இருக்கிற மூச்சும் போயிடும். மற்றதைத் தாங்கோ பிள்ளை." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா தோட்டத்தில கக்கூஸ் இல்லை, வீடும் தூரம்."

"வயித்துக்கும் மருந்து தாறன். எண்டாலும் கிட்டடியில ஒண்டு இருக்கத்தான் வேணும்."

மறுநாளே அப்புத்துரை தோட்டத்து மூலையில் குழி வெட்டத் தொடங்கினார். இரண்டு கிழமையில் சுவர் எழுந்தது, கூரை வந்தது, உள்ளே கொண்டியோடு கதவும் வந்தது. ஞானேஸ்வரி கொண்டியை இரண்டு மூன்று தரம் போட்டுத் திறந்து பார்த்தாள். அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அந்தக் கேள்வியே வந்தது.

"ஏன் ஞானம், இவ்வளவு வருஷமும் நீ என்ன செய்தனி?"

"பின்னேரம் வீட்டை போகுமட்டும் அடக்கிக்கொண்டு நிண்டனான்" என்றாள் அவள், சாதாரணமாக.

அப்புத்துரையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.