மெழுகு பூசாத படகு

ஜெயசீலி அக்கா அந்தப் படகை நேசித்தாரா, வெறுத்தாரா? சென்ற செவ்வாய்க்கிழமை காலை காவலாளி கதவைத் தட்டி, "படகம்மா போயிட்டாங்க" என்று தெலுங்கில் சொன்னபோதும் இந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு.

குஷாய்குடாவில் எங்கள் குடியிருப்புக்காரர்களுக்குக் கதை தெரியும். அவர் கணவர் டேனியல் அண்ணன், ஓய்வுபெற்றதும் ஏரியில் ஓட்டுவதற்காக ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினார். ஓட்டுவதற்குள் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். கீழே வெயிலில் நின்ற படகு, தொட்டால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுமளவு வெளிறியது. "பளபளன்னு ஆக்கு, வித்துடலாம்" என்றார் அண்ணன். கடைக்கோ தேவாலயத்துக்கோ போகத் தனியே விடாதவர், படகுக்காக மட்டும் தினமும் ஒரு மணி நேரம் அக்காவைக் கீழே அனுப்பினார்.

சோப்பு நீரில் கழுவி, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, மெருகேற்றும் பசையான காம்பவுண்டைத் துணியில் எடுத்து வட்டம் வட்டமாகத் துடைப்பார். ஒருநாள் படகில் என் முகம் தெரிந்தது. வேதியியல் கற்பிப்பவள் என்ற உரிமையில், மெழுகு பூசாவிட்டால் வெயில் மறுபடியும் தின்றுவிடும் என்று சொல்லி ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன்.

"நக்கோ, வேண்டாம் ப்ரொபசரம்மா. மெழுகு பூசிட்டா வேலை முடிஞ்சிரும்லா? அப்புறம் எதைச் சொல்லிட்டு நான் கீழ வர?"

சிரித்தார். என்னால் முடியவில்லை.

படகு மீண்டும் வெளிறியது. மீண்டும் தேய்த்தார். அல்வாலிலிருந்து வாங்க வந்தவரை, "இன்னும் மங்கலாத்தான் இருக்கு, அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பினார். இப்படியே தேய்த்தால் மேல்பூச்சு போய் நார் தெரியும் என்று எச்சரித்தேன். "என் கையப் பாரு, எலும்பே தெரியுது. படகுக்கு மட்டும் என்னவாம்?"

இறந்தவர்களைப் புனிதராக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேலே படுக்கையிலிருந்து அண்ணன் உதவிக்கு மணியடிப்பார். அக்கா கேட்காததுபோல் தேய்த்துக்கொண்டிருப்பார். அதையும் பார்த்திருக்கிறேன்.

அடக்கத்துக்குப் பிறகு, படகுக்கடியில் அந்த மெழுகு டப்பா கிடைத்தது. மூடி திறக்கப்படவேயில்லை. அது இப்போது என் மேசையில் இருக்கிறது.

மறுநாள் அவர் மகன் படகை விற்றான். லாரி போனதும் மேலே மணி ஒலித்தது. நான் போனேன். நடந்தவை அண்ணனுக்கு எவ்வளவு புரிந்தன என்று தெரியவில்லை.

"படகு பளபளன்னு ஆயிட்டுதா?"

"ஆயிட்டுது அண்ணே."

"அப்ப அவள மேல வரச் சொல்லு."