ஊர்ப் புகை

துணி காயப்போட மாடிக்கு ஏறினால் முதலில் நான் வானத்தைத்தான் பார்ப்பேன். ஏ.எஸ்.ராவ் நகரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த 2001 ஜூன் மாதத்திலிருந்து இதே வழக்கம். அடுத்த மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருக்கும் அனந்தலக்ஷ்மி காரு அதைப் பார்த்துவிட்டு, "வான வஸ்துந்தா அண்டி?" என்று கேட்பார். மழை வருமா என்கிறார். ஒரு துண்டு மேகம் இல்லாத ஏப்ரலிலும் கேட்பார். முதலில் என் தெலுங்கு போதாமல் சிரித்து மழுப்பினேன். தெலுங்கு வந்த பிறகு விளக்கக் கூச்சமாக இருந்தது. இதற்குள், தமிழம்மாவுக்கு மழை பார்க்கத் தெரியும் என்று அவர் தெருவில் சொல்லிவைத்துவிட்டார்.

நான் தேடுவது மழையை அல்ல, புகையை. தூத்துக்குடியில் அனல்மின் நிலையக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். அதைக் கேம்ப் என்போம். புகைபோக்கிகளின் புகை கடல் பக்கம் சாய்ந்தால் அம்மா வெள்ளைத் துணிகளை வெளுத்துக் காயப்போடுவாள். ஊர்ப் பக்கம் திரும்பினால் அன்று கலர்த் துணி மட்டும்தான். வெள்ளையில் சாம்பல் உட்கார்ந்துவிடும். கல்யாண வீட்டுக்குப் போகும் நாளில்கூட அப்பாவுக்கு எந்த வேட்டி என்பதைப் புகைதான் முடிவு செய்தது. அப்பா வேலை பார்த்தது பாய்லர் பிரிவில். தன் வேட்டியில் தன் வேலையே வந்து உட்காருவதாகச் சொல்லிச் சிரிப்பார். இங்கே நிமிர்ந்து பார்த்தால் வானம் வெறுமனே இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல ஒன்றுமில்லை.

புகையை விட்டு இவ்வளவு தூரம் வந்த எனக்குக் கிடைத்த வேலையும் புகைதான். இங்குள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் கரியமில வாயுவை எரிபொருளாக மாற்றும் குழுவில் வேதியியலாளராகச் சேர்ந்தேன். கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் அழுத்திச் சூடாக்கி, செம்பும் துத்தநாகமும் கலந்த சின்னச் சின்னக் கறுப்பு மணிகளின் வழியே அனுப்புவோம். மறுமுனையில் குளிர்ந்து சொட்டும் தெளிந்த நீரில் மெத்தனால் இருக்கும். வண்டி ஓட்டலாம், பெயின்ட், பிளாஸ்டிக் என்று பலதுக்கும் மூலப்பொருளாக்கலாம், குடித்தால் மட்டும் கண் போகும். அந்தக் கறுப்பு மணிகள்தான் வினையூக்கி. தான் மாறாமல் மற்றதை மாற்றுவது என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். உடன் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பாதி உண்மை. வினையூக்கி களைத்துப்போகும். சூட்டில் மணிக்குள் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வாதது பட்டால் செத்துப்போகும். பார்வைக்கு என்னவோ வந்த நாளில் இருந்தது போலவே இருக்கும்.

இதையெல்லாம் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் விளக்கினேன்.

"நாங்க காலம்பூரா மேல விட்டத நீ கீழ இறக்கப் போறியாக்கும்?"

"ஆமாப்பா."

"அப்ப இங்க வந்து இறக்குளா. அங்க என்ன சோலி?"

அம்மா போன பிறகு அப்பா கேம்ப்புக்குப் பக்கத்திலேயே சொந்த வீட்டில் தனியாக இருந்தார். அவர் கேலியாகக் கேட்டது 2009இல் நிஜமாகவே ஒரு வாய்ப்பாக வந்தது. ஆய்வுக்கூட மேசையைத் தாண்டி, ஓர் ஆலையோடு சேர்த்துச் சிறிய மாதிரிக்கூடம் அமைக்கலாம் என்று முடிவானது. வாயு எங்கிருந்து எடுப்பது என்ற பேச்சில், தூத்துக்குடிப் புகையைச் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். எங்கள் குழுத் தலைவர் ராமமோகன் காரு ஒப்புக்கொண்டார். அது சரியாக வந்தால் கூடம் அங்கே அமையும், பொறுப்பு எனக்கு. கணவர் லாலாகுடா ரயில்வே பணிமனையில் இருப்பவர். தெற்கே மாறுதல் கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஊருக்குத் திரும்பிப் போக எனக்கு அதுவரை ஒரு காரணம் அகப்பட்டதில்லை. இப்போது புகையே காரணமாக வந்து நின்றது. அப்பாவிடம் சொன்னேன். அடுத்த வாரமே, "மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு" என்றார்.

முறைப்படி அனுமதி வாங்கி, புகைக் குழாயில் மாதிரி எடுக்கும் வாயிலிருந்து வாயுவை இரண்டு சிறிய சிலிண்டர்களில் அடைத்தோம். நிறைப்பதைப் பார்க்க அப்பா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அடைத்த வாயுவை ரயிலில் கொண்டுவர முடியாது. அதனால் சிலிண்டர்கள் உரிய காகிதங்களோடு லாரியில் வந்தன. நான் மக்ரூன் பொட்டலங்களோடு ரயிலில் வந்தேன். லாரி அலுவலகத்தில் சரக்கை ஒப்படைத்த பெரியவர் சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, "இஸ்மே க்யா ஹை அம்மா?" என்றார். புகை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"தூவா? கைக்கு? இதர் கம் பட் கயா க்யா?"

புகையா, எதற்கு, இங்கே பற்றாக்குறையா என்கிறார். ஊரிலிருந்து வந்தது என்றேன். என்ன நினைத்தாரோ, உடனே முகத்தைப் பணிவாக்கிக்கொண்டு, ஊதுபத்திப் புகையா, எந்தத் தர்கா என்று விசாரித்தார். நான் பதில் தேடுவதற்குள் இரண்டு சிலிண்டர்களையும் மிகுந்த மரியாதையோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பிரிந்து போனவர்கள் ஊர் மண்ணையும் நீரையும் விதையையும் எடுத்துப் போன கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். புகையை எடுத்துப் போனவர்களைப் பற்றி இதுவரை எங்கும் படித்ததில்லை.

நிலக்கரிப் புகையில் கந்தகம் உண்டு. எவ்வளவு கழுவினால் போதும் என்று தெரிய, முதல் சிலிண்டரைக் கழுவாமலே செலுத்துவது என்று குழு முடிவு செய்திருந்தது. கடையில் வாங்கிய சுத்தமான வாயுவில் நாள் கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய் எங்கள் ஊர்ப் புகை ஏறிய காலையே மெலிந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் நின்றது. செம்பில் கந்தகம் ஒட்டி, மணிகள் செத்துவிட்டன. இரண்டாவது சிலிண்டரைக் காரநீரில் கழுவி, மிச்சக் கந்தகத்தைப் பிடிக்கத் துத்தநாகப் படுகை வைத்து, புதிய மணிகளில் செலுத்தினோம். சொட்டியது. வாங்கிய வாயுவைப் போலவே சொட்டியது.

அப்பாவுக்கு முதல் சிலிண்டரின் கதைதான் பிடித்தது. "நம்ம பொக லேசுப்பட்டதா? இத்தன நாளு குடிச்ச நமக்கே ஒண்ணும் ஆவல, அவனுக்கு ஒரு வேள தாங்கல பாத்தியா!"

"சிரிக்காதீங்கப்பா. சுத்தப்படுத்தினா ஓடுது."

"ஓடும், ஓடும். எப்ப வார?"

முடிவு 2011 மார்ச்சில் வந்தது. ராமமோகன் காரு என்னை அறைக்கு அழைத்தார். புகையைக் கழுவுவதற்கே பெரிய அமைப்பு வேண்டும். நகருக்கு வெளியே ஒரு சாராய ஆலையில், நொதிக்கும் தொட்டிகளிலிருந்து ஏறத்தாழச் சுத்தமான கரியமில வாயு சும்மா வெளியே போகிறது. கூடம் அங்கேதான் என்றார். கணக்கு சரி. நானே போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். எழுந்து கிளம்பும்போது அவர் முகம் மலர்ந்து, "இக மீரு இல்லு மாரனக்கரலேதம்மா" என்றார். இனி நீங்கள் வீடு மாற வேண்டியதில்லை. என் மகளின் பள்ளிப் படிப்பு கெடுமே என்று, எனக்காகவும்தான் அந்த இடத்துக்கு வாதாடினாராம். "ஹேப்பியேனா?" நான் தலையாட்டினேன். வெளியே சகாக்கள் கைகுலுக்கி இனிப்பு கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன்.

அன்று தலைவர் எனக்கு ஒரு சிறு குப்பி தந்தார். இரண்டாவது சிலிண்டரிலிருந்து பிரித்தெடுத்த மெத்தனால். தேதியிட்ட சீட்டு ஒட்டியிருந்தது. கூடம் ஊரில் வராது என்பதையும் குப்பி கிடைத்ததையும் அப்பாவிடம் சொன்னேன்.

"கொண்டாளா, பாப்போம்."

"ரயில்ல விடமாட்டாங்கப்பா. தீப்பிடிக்கிற சாமான்."

பின்னணியில் அவர் வீட்டு மின்விசிறி ஓடுவது கேட்டது.

"அப்ப அங்கேயே கொளுத்திரு. காத்துல இங்க வந்து சேரும்." பிறகு, "அந்த ரூமை வாடகைக்குக் கேக்கான் ஒருத்தன். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

குடுத்துருங்கப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் பீங்கான் கிண்ணத்தோடு மாடிக்குப் போனேன். மகளை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு, மெத்தனாலை ஊற்றிப் பற்றவைத்தேன். தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும் பிள்ளை.

"மண்டட்லேது அம்மா" என்றாள். எரியவில்லையாம்.

எரிந்துகொண்டுதான் இருந்தது. பட்டப்பகலில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது, புகையும் கிடையாது. இடுக்கியில் ஒரு காகிதத்தைப் பிடித்து மேலே காட்டினேன். ஒன்றுமில்லாத இடத்தில் அது கறுத்துச் சுருண்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கிண்ணத்துக்கு மேலே காற்று நெளிந்தது. அந்த நெளிவுக்குப் பின்னால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி லேசாக ஆடியது.

அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். அடுத்த மாடியிலிருந்து கேள்வி வந்தது: "வான வஸ்துந்தா அண்டி?"

"ராதண்டி" என்றேன். வராது.

செய்து பார்த்ததை நாளோடு குறித்துவைப்பது ஆய்வுக்கூடப் பழக்கம். அன்று காற்று தெற்கே, ஊர்ப் பக்கம் என்று எழுத எவ்வளவோ ஆசையாக இருந்தது. நெளிவு கிழக்கே, குஷாய்குடா பக்கம் சாய்ந்திருந்தது. அப்படியே எழுதினேன். கொடியில் அப்பாவுக்காக எடுத்துவைத்திருந்த வெள்ளை வேட்டி, ஒரு பொட்டுச் சாம்பல் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தது.