டிரையருக்குள் போன கியர்பாக்ஸ்

போன வாரம் மகள் புதுக் கார் வாங்கினாள். மலைச் சாலையில் ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா வரைக்கும் என்னையே ஓட்டச் சொன்னாள். முதல் வளைவிலேயே என் இடது கை தன் பாட்டுக்குக் கியரைத் தேடிப் போய், பக்கத்தில் இருந்த என் மனைவி ஸ்டெல்லாவின் கைப்பையைப் பிடித்து இழுத்துவிட்டது. "அப்பா, இது ஆட்டோ கியர் லா! கைய சும்மா வச்சுக்குங்க" என்று பின்னாலிருந்து மகள் கத்தினாள். ஸ்டெல்லா கத்தவில்லை, சிரித்தாள். எதை நினைத்துச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணமே ஒரு கியர்பாக்ஸில் மாட்டிக்கொண்டு நின்ற கதை அது.

அப்போது நான் தேயிலை எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். என்னை விட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. சனிக்கிழமை காலை தானா ராத்தா மாதா கோயிலில் கல்யாணம். எங்கள் எஸ்டேட்டில் கல்யாணம் என்றால், கொழுந்து ஏற்றும் லாரியைக் கழுவி, திரிங்காப் ஊர்ச் செவ்வந்தியைப் பக்கப் பலகைகளில் கட்டி, லயத்து வரிசை வீடுகளின் ஜனம் முழுவதையும் அதில் ஏற்றிக்கொண்டு போவதுதான் வழக்கம். இருந்தது ஒரே லாரி. அது நின்றால் லயத்தில் பாதிப்பேர் வர முடியாது.

கல்யாண நாளில் மக்கர் செய்யக் கூடாதே என்று, வியாழக்கிழமை கியர்பாக்ஸைப் பிரித்துச் சத்தம் போட்ட பேரிங்கை மாற்ற உட்கார்ந்தேன். பேரிங் நல்லபடி ஏறியது. மூடும்போதுதான் வினை. கையில் போல்ட், மனசில் ஸ்டெல்லா. குட்டைப் போல்ட்டுக்கான ஓட்டையில் நீளப் போல்ட்டை வைத்து முறுக்கினேன். அது அடியில் போய் இடித்தது. இன்னும் இறுகவில்லை போலிருக்கிறது என்று மேலும் முறுக்கினேன். 'டிக்'கென்று கியர்பாக்ஸ் கூடு விரிசல் விட்டது. நான் பார்த்த மெக்கானிக்குகளிலேயே மகா முட்டாள் நான்தான்.

லாரி டிரைவர் முனியாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, தூக்கத்துல போல்ட்டு போட்டியா?" என்றான். ஆனால் வழி சொன்னதும் அவன்தான். வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இதே ரகத்து லாரி ஒன்று பெரணிச் செடிகளுக்கு நடுவில் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் கியர்பாக்ஸ் கூடு முழுசாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அதைக் கழற்றி வந்தோம்.

இப்போது புதுப் பேரிங் அந்தக் கூட்டுக்குள் போக மாட்டேன் என்றது. சுத்தியலால் அடித்தால் பழைய அலுமினியக் கூடும் உடைந்துவிடும். ஒரே சீராகச் சூடு காட்டினால் கூடு கொஞ்சம் விரிந்து வழிவிடும். அப்படிச் சீராகச் சூடு கிடைக்கும் இடம் எஸ்டேட்டிலேயே ஒன்றுதான்: தொழிற்சாலையில் தேயிலையைக் காயவைக்கும் டிரையர். அதற்குப் பொறுப்பான டீ மேக்கர் சவரிமுத்து, ஸ்டெல்லாவின் அப்பா.

அவர் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலையில் வாசம் ஏறிவிடும் என்று, மத்தியானம் வெங்காயம் சாப்பிட்டவனை டிரையர் அறைக்குள் விட மாட்டார். நான் பெண் கேட்டுப் போனபோது, என் தலையில் இருந்த வாசனை எண்ணெய்க்குப் பயந்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டவர். அவர் முன்னால் ஆயில் வழியும் கூட்டோடு நின்றேன்.

"எப்பிடி ஒடைஞ்சிச்சு மாப்ள?"

லாரி பழசு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன்.

"ஒரு போல்ட்டு போடத் தெரியாத ஆளுக்கா எம்பொண்ணக் குடுக்கறேன்?" என்றார். எனக்குக் கல்யாணமே கைவிட்டுப் போனது போலிருந்தது. பிறகு குனிந்து கூட்டை முகர்ந்தார். "கழுவிக் கொண்டாங்க. ஆயில் வாசம் இருந்தா உள்ள வுட மாட்டேன்."

லயத்துக் குழாயடியில் ஸ்டெல்லாதான் கழுவினாள். நலங்கு வைத்த மஞ்சள் கைகள். ஐஸ் மாதிரித் தண்ணீர். சோப்புப் போட்டாள். மாமனார் முகர்ந்தார். "அடிக்குது." சாம்பல் போட்டுத் தேய்த்தாள். "இன்னும் அடிக்குது." மூன்றாவது தடவை எலுமிச்சை பிழிந்து தேய்த்தாள். அவர் வெகுநேரம் முகர்ந்தார். "ஆயிலும் அடிக்குது. மஞ்சளும் அடிக்குது" என்று மகளின் கையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

அன்றைய கடைசித் தூள் இறங்கியதும் கூட்டை உள்ளே வைத்தோம். சூடேறியதும் சாக்கில் சுற்றிக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்கு ஓடினோம். வெளியே பனிமூட்டம். போய்ச் சேர்வதற்குள் கூடு குளிர்ந்துவிட்டது. பேரிங் கூட்டின் வாயிலேயே நின்றது. "ஆறிப்போச்சு லா!" என்று முனியாண்டி தலையில் கை வைத்தான். மறுபடியும் திரும்பி ஓடி, மாமனார் முன்னால் மூச்சு வாங்க நின்றோம்.

அவர் கூட்டை வாங்கித் தானே டிரையருக்குள் வைத்தார். பிறகு, "பேரிங்க இங்கயே கொண்டாங்க" என்றார். வெங்காயம் நுழையாத அந்த அறைக்குள் கிரீஸ் கையோடு நான் நுழைந்தேன். கூட்டை எடுத்ததும் பேரிங்கை மேலே வைத்துக் கையை விட்டேன். தன் எடைக்கே வழுக்கி இறங்கி, 'டொக்'கென்று உட்கார்ந்தது. "உக்காந்துடுச்சு!" என்று எங்கள் எல்லாரையும் விட உரக்கக் கத்தியது மாமனார்தான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் மறுநாள் மோதிரம் மாற்றியபோதுகூட இல்லை. ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

சனிக்கிழமை லாரி பாட்டும் கூத்துமாக மலையேறியது. ஒருவர்கூட விட்டுப்போகவில்லை.

மறுவீட்டு விருந்தில் எனக்கு வந்த முதல் தேநீரை மாமனார் வாங்கி முகர்ந்தார். "கியர் ஆயில் வாசம் அடிக்குது மாப்ள." சபையே சிரித்தது. அதோடு விட்டாரா? எங்கள் வீட்டுக்கு வந்து குடித்த ஒவ்வொரு கோப்பைக்கும் அதே சோதனை, அதே தீர்ப்பு. பேத்தி போட்டுக் கொடுத்த தேநீருக்கும் அதேதான்.

இப்போது அந்த லாரி இல்லை. தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். கல்யாணத்துக்கு ஆளுக்கொரு காரில் வருகிறார்கள். மாமனாரும் போய்விட்டார்.

தானா ராத்தாவில் காரை நிறுத்தியதும் ஸ்டெல்லா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். எனக்கு நீட்டப் போனவள், கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் மாமனார் மாதிரியே முகர்ந்தாள்.

"ஒண்ணுமே அடிக்கலைங்க" என்றாள்.