எட்டாம் நாள் பரிசோதனையும் ஒரு பார்சல் பரோட்டாவும்

ஒமிக்ரான் என்ற பெயரை ஊரே உச்சரிக்கப் பழகிக்கொண்டிருந்த தை மாதம் அது. மஸ்கட்டில் ஏ.சி. பழுது பார்க்கும் வேலையில் இருக்கும் நான், முப்பது நாள் விடுப்பில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கி, செங்கோட்டை வழியாகத் தென்காசிக்கு வந்தேன். வழக்கமாக நான் ஊருக்கு வருவது கல்யாணம், கோயில் கொடை, அருவிக் குளியல் என்று ஏதாவது ஒன்றுக்காக இருக்கும். அந்த முறை வந்தது என் மனைவியின் கர்ப்பப்பை ஆப்பரேஷனுக்காக.

என் மனைவி பாம்பைக் கண்டால் கம்பைத் தேடுகிற ரகம். நான் பாம்பைக் கண்டால் மனைவியைத் தேடுகிற ரகம். அப்படிப்பட்டவள் மயக்க ஊசிக்கு மட்டும் பயந்தாள். போட்டால் கண் விழிக்கவே மாட்டோம் என்று எப்படியோ அவள் மனதில் விழுந்துவிட்டது. டாக்டர் குறித்துக் கொடுத்த நாளை இரண்டு முறை தள்ளிப் போட்டுவிட்டு, நான் வந்து பக்கத்தில் நின்றால்தான் படுப்பேன் என்று சொல்லிவிட்டாள். நான் வந்து இறங்கிய பத்தாம் நாள் தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் என்று முடிவானது.

இடையில் ஒரு விதி இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏழு நாள் தனிமையில் இருக்க வேண்டும். எட்டாம் நாள் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. தொற்று இல்லை என்று வந்தால்தான் வெளியே தலைகாட்டலாம். எட்டாம் நாள் பரிசோதனை, ஒன்பதாம் நாள் முடிவு, பத்தாம் நாள் மனைவி பக்கத்தில் நான். திட்டத்தில் ஒரு ஓட்டையும் இல்லை, அதில் நான் இருந்ததைத் தவிர.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை, ஒரு குளியலறை. ஆப்பரேஷனுக்குக் காத்திருப்பவள் இருக்கும் வீட்டில் நான் எங்கே தனியாக இருப்பது? குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் என் சேக்காளி கை கொடுத்தான். அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்ததால் லாட்ஜ் மொத்தமும் காலி. மூன்றாவது மாடியில் ஓர் அறை தந்தான். அருவிச் சத்தம் காதில் விழும், ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே விழாது. என்னைத் தவிர அங்கே தங்கியிருந்தவை குரங்குகள் மட்டும்தான்.

முதல் நாளே பயம் ஆரம்பித்துவிட்டது. தும்மினால் பயம், தும்மல் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பயம். நீலகிரித் தைலம் நாலு குப்பி வாங்கிவரச் சொல்லி, காலையும் மாலையும் ஆவி பிடித்தேன். பிறகு மதியமும் பிடித்தேன். பிறகு பொழுது போகாத நேரமெல்லாம் பிடித்தேன். தலையணையில் தைலம், முகக்கவசத்தில் தைலம். ஜன்னலுக்கு வந்த குரங்கு ஒன்று உள்ளே எட்டிப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சேக்காளி, செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பார்சல் பரோட்டாவும் கோழியும் வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தான். வாசலில் வைத்துவிட்டுப் போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் பரோட்டா போய்விட்டது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே இலையில் சாப்பிட்டோம். அவன் இரண்டு தடவை இருமினான். முந்தின நாள் ஐஸ்கிரீம் தின்றதில் தொண்டை கட்டிவிட்டது என்றான். எனக்கும் ஐஸ்கிரீம் ஞாபகம் வந்ததே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

ஆறாம் நாள் காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்தேன். வாசனை இல்லை. பெருங்காயத்தை மோந்தேன், இல்லை. கடைசியாக என் காலுறையை எடுத்து மோந்து பார்த்தேன். மஸ்கட்டிலிருந்து துவைக்காமல் என்னோடு வந்த காலுறை அது. அதிலேயே வாசம் இல்லை என்றதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நோய் வந்துவிட்டது, பரிசோதனையில் மாட்டுவேன், அவள் ஆப்பரேஷன் மேஜையில் தனியாகப் படுத்துக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சேக்காளிக்கு போன் போட்டேன். அவன் கீழே லாட்ஜ் வரவேற்பு மேஜையில் இருந்தபடியே ஒரு யோசனை சொன்னான்.

"ஏலே, டெஸ்ட் எடுத்தாத்தானல உனக்கு இருக்குன்னு தெரியும்? எடுக்காம இருந்துரு. எட்டாம் நாள் முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போ."

அப்போதைய என் மனநிலையில் இது பெரிய ஞானமாகப் பட்டது. அதற்கேற்றாற்போல், ஆறு நாளாகச் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவரும் என்னைக் கூப்பிட்டிருக்கவும் இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், விமான நிலையத்துப் படிவத்தில் பழக்க தோஷத்தில் மஸ்கட் நம்பரை எழுதியிருந்தேன். அந்த சிம் கார்டோ கழற்றப்பட்டு என் பர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தது. தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஆளைக் காணவில்லை என்ற பட்டியலில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள்.

எட்டாம் நாள் காலை லாட்ஜ் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. முகக்கவசமும் பிளாஸ்டிக் தடுப்பும் போட்ட ஒரு நர்ஸம்மா கையில் பெட்டியோடு இறங்கினார். பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டார்கள் என்று, ஐம்பத்திரண்டு வயதில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுக் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. இடத்துக்குப் போட்டி வந்ததும் அவை போட்ட சத்தத்தில், நர்ஸம்மா நேராக மாடிக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, அறைக்கு வாரீயளா, இல்ல இங்கனயே எடுத்துக்கிடவா?"

தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். தொட்டியின் மூடி பூட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தான் வந்த கதையைச் சொன்னார். நான் போனில் கிடைக்கவில்லை என்றதும் சுகாதாரத் துறைக்காரர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆப்பரேஷனுக்கு நாள் நெருங்குகிறது, முடிவு சீக்கிரம் வர வேண்டும் என்று என் மனைவிதான் லாட்ஜைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் ஒளிந்தது, எனக்கு உதவி செய்ய வந்தவரைப் பார்த்து.

அறைக்குள் நுழைந்ததுமே அவர் கண்ணைக் கசக்கினார். நான் வாசனை போன கதையைச் சொன்னேன். அவர் தைலக் குப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு வாரமாகத் தைலத்துக்குள்ளேயே ஊறிக் கிடந்தால் எந்த மூக்குத்தான் வேலை செய்யும் என்றார். வராந்தாவில் கால் மணி நேரம் நிற்க வைத்து, பெட்டியிலிருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து நீட்டினார். லேசாக வாசம் அடித்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே என் குசும்பும் திரும்பி வந்தது. எதற்கும் இருக்கட்டும், குச்சியை ரொம்ப உள்ளே விடாமல் மூக்கு வாசலிலேயே பட்டும் படாமலும் எடுத்துவிடுங்கள், இல்லை என்று வந்துவிடும் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவர் சிரிக்கவில்லை. பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நாளைக்கழிச்சு அந்த அக்கா வயித்தைத் திறக்கப் போறாவ அண்ணாச்சி. தையல் போட்ட வயித்தோட இருமுனா எப்பிடி இருக்கும்னு தெரியுமா? நான் குச்சியைக் கொஞ்சமா விடலாம். உங்களுக்குள்ள இருக்கிறது கொஞ்சமாவா போகும்?"

எட்டு நாளாக அந்தப் பரிசோதனையை எனக்கு எதிரே நிற்கும் போலீஸ்காரனாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவளுக்குக் காவல் நிற்கிறது என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. யாராவது வந்து போனார்களா என்று முதலில் அவர் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தேன். இப்போது நானே பரோட்டா விஷயத்தையும், சேக்காளியின் இருமலையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சொன்னது நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு, மூக்கைக் காட்டச் சொன்னார். குச்சி போன தூரத்தைப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் படித்த வாய்ப்பாட்டைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பியிருக்கும். கீழே போய் சேக்காளிக்கும் எடுத்தார். அவன் அலறியது மூன்றாவது மாடி வரை கேட்டது.

மறுநாள் மதியம் அவரே போன் செய்தார். எனக்கும் தொற்று இருந்தது, அவனுக்கும் இருந்தது. மஸ்கட்டிலிருந்து சுத்தமாக வந்தவன், பரோட்டாவில் வாங்கியிருக்கிறேன்.

மனைவிக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பரோட்டா உட்பட. ஆப்பரேஷனை மறுபடியும் தள்ளிப் போடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சரி, என் தங்கச்சியை வரச் சொல்லுதேன்," என்றாள். "இதுக்கு மேல தள்ளிப் போட என் உடம்புல தெம்பு இல்ல."

சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். அவள் குரல் நடுங்கியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆப்பரேஷன் அன்று காலையில் எனக்குக் காய்ச்சல் அடித்தது. உடம்பெல்லாம் வலி, நிற்காத இருமல். அந்த இருமலோடுதான் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்க நினைக்கக் குளிரோடு வேறொரு நடுக்கமும் சேர்ந்துகொண்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு நர்ஸம்மா கூப்பிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கண் விழித்துவிட்டார்கள், மாதிரிப் பெட்டியைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன் என்று ரெண்டே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டார். முகம் கழுவுகிற சாக்கில் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

இன்னும் ஏழு நாள் அங்கேயே கிடந்து, பரிசோதனையில் சுத்தம் என்று வந்த பிறகு வீட்டுக்குப் போனேன். பரோட்டாவுக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகப் போனவனுக்கு வரவேற்பு பலமாக இருந்தது. காரணத்தை அவளே சொன்னாள். ஆப்பரேஷன் அன்று காலை தங்கச்சி வந்த பஸ் தாமதமாகிவிட்டதாம். தியேட்டருக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் இவள் தனியாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போது முகக்கவசம் போட்ட ஒரு அம்மா வந்து, அண்ணாச்சி அனுப்பினாவ என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தியேட்டர் கதவு வரை கையை விடவே இல்லையாம்.

நான் யாரையும் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. ஆனாலும் கிடைத்த நல்ல பெயரை விட மனம் வராமல் நாலு நாள் பேசாமல் இருந்தேன். ஐந்தாம் நாள், அவளுக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுக்கும்போது தாங்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றாள். "உங்களுக்கு அவ்வளவு புத்தி எங்கன இருக்கு?"

விடுப்பு முடிவதற்குள் நன்றி சொல்ல இருவரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். தற்காலிகப் பணியில் இருந்தவராம், வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம், எந்த ஊர் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர் என்னோடு பேசியது அலுவலக போனில், சொந்த நம்பர் எங்களிடம் இல்லை. அவர் முகத்தை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை, கண்களை மட்டும்தான்.

இப்போதெல்லாம் ஊருக்கு வரும்போது எந்தப் பரிசோதனையும் யாரும் கேட்பதில்லை. தென்காசிக் கடைத்தெருவில் எதிரே வரும் எந்தப் பெண்ணும் அவராக இருக்கலாம் என்பதால், யாரிடமும் முகம் சுளிக்காமல் நடக்கப் பழகிவிட்டேன். நன்றி சொல்ல வேண்டியவரை அடையாளம் தெரியாமல் போனதில், ஊர் மொத்தத்துக்கும் கடன்பட்டவனாக இருப்பதும் ஒரு சுகம்தான் என்று தோன்றுகிறது.