கூடுதலாய் ஒரு சொல்

கிண்ணியாவில் முத்தலிப்பின் வீடு எது என்று கேட்டால், எந்த முத்தலிப் என்று திருப்பிக் கேட்பார்கள். கோட்டு முத்தலிப் என்று கேட்டால் நேரே கொண்டுபோய் விடுவார்கள். முப்பத்திரண்டு வருடம் நீதிமன்றங்களில் சிங்களத்தைத் தமிழாகவும் தமிழைச் சிங்களமாகவும் மாற்றிச் சொல்லிச் சம்பளம் எடுத்தவர். சாட்சிக்காரன் தும்மினாலும் அதையும் மொழிபெயர்ப்பார் என்று சட்டத்தரணிகள் பகிடி பண்ணுவார்கள். ஒரு தடவை, ஒருத்தி கூண்டில் நின்று புருசனைத் திட்டிய திட்டைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லும்படி நீதவான் கேட்டார். "கனம் ஐயா, அவ நாகரிகமாச் சொல்லல்லையே" என்று இவர் நின்றாராம். அந்தக் கதையைச் சொல்லும்போது மனிதருக்கு நெஞ்சு நிமிரும், நிமிரட்டும், அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருந்தவருக்குத் தேர்தல் வந்தால் மட்டும் மவுசு வந்துவிடும். சிங்கள வேட்பாளர்கள் தமிழ் பேசும் ஊர்களுக்கு வாக்குக் கேட்டு வருவார்கள். பக்கத்தில் நின்று மைக்கில் தமிழாக்க ஒருவர் வேண்டும். அந்த வருடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனவர் ஹேவகே என்ற ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். ஏற்பாடு செய்தவன் அப்ராஸ், ஹேவகேயின் கிண்ணியா அமைப்பாளர். வாய் நிறையச் சிரிப்பு, கை நிறையக் கோப்பு என்று திரிகிற ஆள்.

அப்ராஸின் கோப்புக்குள் ஒரு கடிதம் இருந்தது. முத்தலிப்பின் மகள் சனூஸா மொனராகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளை கட்டாரில். இரண்டு வயதுக் குழந்தை கிண்ணியாவில், முத்தலிப்பின் மனைவி நபீஸாவோடு. மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் நாள் முழுக்க வந்து இறங்குகிற சனூஸாவைக் கண்டால் அந்தக் குழந்தை ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிகிறது. போன தடவை வந்தபோது அவள் குசினிக்குள் போய் அழுதாள். அந்த அழுகைதான் முத்தலிப்பை அப்ராஸிடம் இடமாற்றக் கடிதத்தோடு போகவைத்தது. சொந்த விசயத்துக்காக ஒருவரிடம் பல்லைக் காட்டியது அவருக்கு அதுதான் முதல் தடவை.

அந்தத் தேர்தலில் கூட்டங்களுக்குள் புகுந்து கேள்வி கேட்பது எல்லா ஊரிலும் நடந்தது. காணி போனவர்கள், கடலுக்குப் போக ஏலாதவர்கள், பிள்ளையின் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார் என்று மேடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒரு வேட்பாளரின் ஆட்கள் பதாகையைப் பறித்துக் கிழித்தார்கள், அது அன்று பின்னேரமே எல்லாருடைய வட்ஸ்அப்பிலும் ஓடியது. இன்னொருவர் ஒலிபெருக்கியில் பாட்டைக் கூட்டிப் போட்டு ஆட்களின் சத்தத்தை அமத்தினார். வேறொருவர் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

ஹேவகே அப்படி இல்லை. பிள்ளைகளை மேய்த்து நரைத்த தலை அது. வாகனத்தில் போகும்போது தன் ஆட்களுக்குச் சொல்வார்: "குறுக்கே கத்துகிறவர் நம் கூட்டத்தைக் குழப்ப வரவில்லை. வேறெந்தக் கதவும் திறக்காததால் வந்திருக்கிறார். மைக்கைக் கொடுங்கள். பெயரைக் கேளுங்கள். அவர் கேட்டதை நான் என் வாயால் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்." சொன்னபடியே நான்கு ஊர்களில் செய்தும் காட்டினார். திட்ட வந்தவர்கள்கூடக் கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். முத்தலிப்புக்கு மனிதரைப் பிடித்துப்போனது. ஒரேயொரு குறை, திருகோணமலை மாவட்டத்தில் முப்பது வருடம் வாழ்ந்தும் ஹேவகே தமிழைப் படிக்கவில்லை. வணக்கம், நன்றி, நல்லம் என்பதோடு நின்றுவிட்டார்.

ஐந்தாவது ஊர் கோரைமுனை. ஆற்றோரம், மணல் அகழ்கிற இடம். பின்னேர அஸர் தொழுகை முடிந்து கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை, பின்னாலிருந்து ஏழெட்டுப் பெண்கள் எழும்பி முன்னே வந்தார்கள். முன்னால் வந்தவள் பஸ்மியா. வீடு வீடாகத் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள், அந்த ஊர்ப் பெண்கள் சங்கத்தின் தலைவி. மணல் டிப்பர்கள் போகிற ஒழுங்கையை மறித்து அவர்கள் கூடாரம் போட்டுப் பதினொரு நாளாகியிருந்தது. அப்ராஸின் ஆட்கள் இரண்டு பேர் மறிக்கப் பாய, ஹேவகே கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் தானே இறங்கிப்போய்த் தன் மைக்கை அவளிடம் நீட்டினார்.

பஸ்மியா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். "என்ட புள்ள ரிஸ்லா. ஒம்பது வயசு. போன மாரிக்கி மணல் அள்ளின குழிக்குள்ள விழுந்து மௌத்தாப் போனா. மண்ண அள்ளிட்டுக் குழிய அப்பிடியே உட்டுட்டுப் போறாங்க. அது நிரம்பிக் குளமாக் கிடக்கு. இந்த மாரியும் வரப்போகுது. குழிய எப்ப மூடுவீங்க? இதுக்குப் பதில் செல்லாம நாங்க போகமாட்டம்."

ஹேவகே முத்தலிப்பின் பக்கம் காதைச் சாய்த்தார். தமிழில் வருவதை அவர் காதுக்குள் சிங்களத்தில் சொல்வதும், அவர் சொல்வதை மைக்கில் தமிழில் சொல்வதும்தான் ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து முத்தலிப்பின் மற்றக் காதுக்குப் பக்கத்தில் அப்ராஸின் மூச்சு வந்தது.

"சேர், அத அப்பிடியே செல்லித் தொலைக்காதீங்க. மணல் பெர்மிட் என்ட மச்சான்ட பேர்ல. இந்த மனிசன் கொதிச்சா எல்லாம் போச்சு. மகள்ட கடிதமும் என்ட கையிலதான் இரிக்கி."

முத்தலிப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். தெரியாதவன் சொல்கிற பொய் சின்னதாகத்தான் வரும். சிங்களத்தில் குழிக்கு வள என்று பேர். அவர் அதற்கு முன்னால் பாரே என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். பாதையில் என்று அர்த்தம். போன மாரியில் இந்தப் பெண்ணின் மகள் பாதைக் குழியில் விழுந்துவிட்டாள், மழைக்கு முன் குழிகளை மூடித் தரும்படி கேட்கிறார் என்று சொன்னார். கோரைமுனைப் பாதை குண்டும் குழியுமாகக் கிடப்பதை வாகனத்தில் குலுங்கி வந்த ஹேவகேயின் இடுப்பே அறியும். அவர் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்வியை முத்தலிப் எதிர்பார்க்கவில்லை. "பாவம். மகளுக்கு இப்போது சுகமா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "புள்ளட பேரக் கேக்கிறார்" என்று முத்தலிப் மைக்கில் சொன்னார். "ரிஸ்லா" என்றாள் பஸ்மியா மறுபடியும். அவர் ஹேவகேயின் காதுக்குள், பெயர் ரிஸ்லா, சுகமாக இருக்கிறாளாம் என்றார். ஒரு சொல்லோடு நிற்கும் என்று நினைத்தது, அரை நிமிடத்தில் ஒரு செத்த பிள்ளையை எழுப்பி நடக்கவைத்துவிட்டது.

ஹேவகே தன் வழக்கப்படி திருப்பிச் சொன்னார். குழிகளை மழைக்கு முன் மூடவேண்டும் என்கிறீர்கள், அப்படித்தானே? முத்தலிப் தமிழில் சொன்னார். ஓம் என்றார்கள் பெண்கள் எல்லாரும். "வென்றாலும் தோற்றாலும் ஒரு மாதத்துக்குள் மூடுவிக்கிறேன். இது என் வாக்கு. அதுவரை பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." இதை முத்தலிப் ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தார். கூட்டம் கை தட்டியது. பஸ்மியா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்கைக் கொண்டுவந்து முத்தலிப்பின் கையிலேயே கொடுத்தாள். அடுத்த நாள் காலை கூடாரத்தைப் பிரித்தார்கள். ஒழுங்கை திறந்தது, டிப்பர்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

ஹேவகே வென்றார். வென்றவர்கள் வாக்கை மறப்பார்கள் என்பதுதான் நம் எல்லாருடைய அனுபவம், இந்த மனிதர் மறந்திருந்தால்கூட மனம் இவ்வளவு கொதிக்காது. சொன்ன தவணைக்குள் கோரைமுனைக்குக் கிறவல் மண் வந்தது, உருளை வந்தது, பாதைக் குழிகள் ஒன்றுவிடாமல் மூடப்பட்டன. முதல் பாதை, பிறகு மணற்குழி என்று ஊர் நினைத்தது. மணலேற்றிய டிப்பர்கள் நல்ல பாதையில் இன்னும் வேகமாகப் போயின.

என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அப்ராஸுக்கு நித்திரை நன்றாகத்தான் வந்திருக்கும். முத்தலிப் நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தார். தொலைபேசியில் ஹேவகேயின் இலக்கத்தை எடுப்பார், பார்ப்பார், வைப்பார். மகளின் கடிதம் கையெழுத்தாகட்டும் என்று தனக்குத்தானே தவணை போட்டார். மார்கழி இரண்டாம் கிழமை கடிதம் வந்தது. சனூஸா பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள். மூன்றாம் நாள் குழந்தை தானாகவே போய் அவள் மடியில் ஏறியது. முத்தலிப் சந்தோசப்பட்டார். அதை மறைக்க என்ன இருக்கிறது, அந்தக் குழிகளை மறந்தே சந்தோசப்பட்டார்.

அந்தக் கிழமைதான் விடாமல் மழை பெய்தது. கோரைமுனையில் ஹஸ்மி என்ற ஏழு வயதுப் பிள்ளை ஒழுங்கையால் போய்க் குழிக்குள் விழுந்தாள். அவள் வீடு பஸ்மியாவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. கூடாரம் இருந்த காலத்தில் எந்தப் பிள்ளையையும் அந்தப் பக்கம் போகப் பெண்கள் விட்டதில்லை. செய்தி கேட்டு முத்தலிப் ஓட்டோ பிடித்துப் போனார். புதுப்பாதையில் ஓட்டோ ஒரு இடத்திலும் குலுங்கவில்லை.

ஹஸ்மியின் ஜனாஸாவை அடக்கக் கொண்டுபோன பிறகு பஸ்மியா அவரிடம் வந்தாள். ஒதுங்கி நின்றவரை அவளே ஒரு கதிரையில் இருத்தினாள். "சேர், நீங்க எங்கட கதைய ஒழுங்காத்தான் சென்னீங்க. அந்த மனிசன்தான் ஏமாத்திப்போட்டார். நாளைக்கி அவர்ட ஒப்பீசுக்குப் போகப்போறன். என்னோட ஒருக்கா வாங்க. நீங்க இருந்தா எனக்குத் தைரியம்."

"வாறன் மகள்" என்றார் முத்தலிப்.

திருகோணமலை நகரத்தில், பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அந்த அலுவலகம். ஹேவகே எழும்பி நின்று வரவேற்றார். பஸ்மியாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டு முகம் மலர்ந்தது. "ரிஸ்லாவின் அம்மா அல்லவா? ரிஸ்லா எப்படி இருக்கிறாள்? பாதை இப்போது நல்லமா?"

சிங்களம் தெரியாத பஸ்மியாவுக்கும் தன் பிள்ளையின் பேர் தெரியும். "ரிஸ்லாவப் பத்தி என்ன செல்றார் சேர்?"

முத்தலிப் ஹேவகேயைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். அன்று நான் பாரே என்று ஒரு சொல்லைக் கூட்டினேன். இந்தப் பெண் கேட்டது மணற்குழியை. ரிஸ்லா அதற்குள் விழுந்து இறந்த பிள்ளை. நேற்று இன்னொரு பிள்ளையும் இறந்துவிட்டது. நான் மறைத்தது மணல் பெர்மிட் வைத்திருக்கிற அப்ராஸின் மச்சானுக்காக அல்ல, என் மகளின் இடமாற்றத்துக்காக. கூண்டில் நின்ற எத்தனையோ பேரின் குற்ற ஒப்புதலைச் சொன்ன வாய், தன்னுடையதையும் ஒரு சொல் கூட்டாமல் சொன்னது.

ஹேவகே கத்தவில்லை. கத்தியிருந்தால் முத்தலிப்புக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தொலைபேசியை எடுத்து மூன்று பேரோடு கதைத்தார். பெர்மிட்டை இன்றே நிறுத்தச் சொன்னார், நாளைக் காலையிலிருந்து குழிகளை நிரப்பச் சொன்னார், அதுவரை பொலிஸ் காவல் கேட்டார். எல்லாமாகக் கால் மணித்தியாலம் ஆகவில்லை. பிறகு கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மைக்கைக் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்" என்றார்.

பஸ்மியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சேர் நடக்குது? எனக்கும் செல்லுங்களன்."

முத்தலிப் தமிழில் சொன்னார். குழி நாளைக்கு மூடுபடும் என்பதைச் சொன்னார். அன்று கூட்டிய சொல்லைச் சொன்னார், சுகமாக இருக்கிறாள் என்று சொன்னதையும் சொன்னார். எதையும் மெதுவாக்கவில்லை. அவள் அசையாமல் கேட்டாள்.

"ஏன் சேர்?"

"மகளுக்கு இடமாத்தம் எடுக்க. அவட புள்ள இஞ்ச எங்களோட."

"கிடைச்சதா?"

"ஓம். வந்துட்டா."

பஸ்மியா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சால்வையைச் சரிசெய்தாள்.

"நல்லம் சேர்" என்றாள். "புள்ளைக்கிப் பக்கத்திலதான் தாய் இரிக்கோணும்."