அவருடைய நீளத்துக்கு ஒரு பை

வெள்ளவத்தையில் மழைக்கோட்டும் பள்ளிக்கூடப் பையும் தைக்கும் எங்கள் சின்னக் கடைக்கு ஒரு மத்தியானம் அந்த அரசாங்க உத்தியோகத்தர் வந்தார். வெள்ளைச் சட்டை, வியர்க்காத முகம். கையில் அகப்பட்ட பையின் ஸிப்பைக் காதருகே வைத்து மெல்லத் திறந்து மூடிக்கொண்டே கதைத்தார்.

பிரேதம் வைக்கும் பை, தண்ணீர் கசியாமல் தைக்க முடியுமா என்று கேட்டார். நான் உடனே விலை சொன்னேன்.

"விலை வேண்டாம். டெண்டர் இன்னும் போடேல்லை. உங்களால என்ன செய்யேலும் எண்டு இப்ப சொன்னாத்தான் அதுக்கேத்த மாதிரி எழுதலாம். பேசாம இருந்தா பெரிய கொம்பனிக்குத்தான் போகும்."

தையலுக்கு மேல் டேப் ஒட்டலாம், முழுவதையும் நாங்களே தைக்க முடியாது, பல கடைகளுக்குப் பிரித்துத் தந்தால் முடியும் என்றேன். நீளம் எவ்வளவு என்று கேட்டேன்.

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெட்டு மேசையில் மல்லாந்து படுத்தார்.

"என்ர அளவு காணும்."

அளந்தேன்.

"எங்கையும் ஏதும் நடந்திட்டுதோ, சேர்?"

"இன்னும் இல்லை," என்றார், கண்ணைத் திறக்காமல்.

டெண்டர் நான் சொன்னபடியே பிரித்து வந்தது. எங்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. நீளம், அவருடைய நீளம்தான். தைத்து முடித்த ஒவ்வொரு பையின் ஸிப்பையும் இழுத்து மூடும்போது, இப்போது நானும் காதைக் கொடுத்துக் கேட்கிறேன்.